விறகுக் கணப்படுப்பின் வினையூக்கி எரிப்பான்: பழைய அடுப்பில் பழுது கண்டறியும் முறை

வினையூக்கி எரிப்பான் என்பது, குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கப் பயன்படும் சில வகை விறகுக் கணப்படுப்புகளில், புகை வெளியேறும் வழியில் பொருத்தப்படும் தேன்கூடு போன்ற ஒரு பாகமாகும். விறகிலிருந்து எழும் புகை இதன் துளைகள் வழியே செல்லும்போது, வழக்கமாகப் புகை எரியத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே எரிந்துவிடுகிறது. இதனால் அதே விறகிலிருந்து கூடுதல் வெப்பம் கிடைக்கிறது. புகைப்போக்கி வழியே வெளியேறும் மாசும் குறைகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய அடுப்புகள் வீட்டோடு சேர்ந்து கைமாறுவதும், தனியாகப் பழைய பொருளாக விற்கப்படுவதும் வழக்கம். அடுப்பின் வார்ப்பிரும்பு உடல் பல பத்தாண்டுகள் உழைக்கும். வினையூக்கி அவ்வளவு காலம் உழைக்காது. ஆகவே பழைய அடுப்பை வாங்கியவருக்கு முதல் குளிர்காலத்திலேயே ஐயம் எழுகிறது. புகைப்போக்கியில் கரும்புகை வருகிறது, தீ மந்தமாக இருக்கிறது, அறை சூடாகவில்லை என்றால் வினையூக்கி போய்விட்டது என்று முடிவுகட்டிச் சில நூறு டாலர் செலவில் புதிது வாங்கிவிடுகிறார்கள். புதிது போட்ட பிறகும் புகை அப்படியே வருவதுண்டு. காரணம், ஈர விறகு, சரியாக மூடாத தகடு, கிழிந்த கேஸ்கெட், அடைத்த புகைப்போக்கி ஆகிய நான்கும் செத்துப்போன வினையூக்கி காட்டும் அதே அறிகுறிகளைக் காட்டக்கூடியவை. இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே வினையூக்கியின் மேல் குற்றம் சாட்ட வேண்டும்.

புகை என்பது எரியாத விறகு

கிராமத்து அடுப்படியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும். ஊதுகுழலால் ஊதினால் சட்டென்று புகையே தீப்பற்றிக்கொண்டு குப்பென்று எரியும். விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயுக்களும் தார் போன்ற நுண்துளிகளும் வெளிவருகின்றன. இவையே புகை. போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் இவை எரியும். கிடைக்காவிட்டால் அப்படியே வெளியேறி, புகைப்போக்கியின் குளிர்ந்த சுவரில் கிரியோசோட்டு என்னும் கரிய பிசினாகப் படியும். படிந்த கிரியோசோட்டு ஒரு நாள் தீப்பற்றினால் அதுவே புகைப்போக்கித் தீ. பல வீடுகளை அழித்தது இந்தத் தீ.

வினையூக்கி இல்லாமல் புகை எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இரவெல்லாம் மெதுவாக எரியும்படி காற்றைக் குறைத்து வைத்த அடுப்பில் அவ்வளவு வெப்பம் இருக்காது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பில் இதே எரிதல் சுமார் 260 டிகிரியிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க வெப்பமானிகளில் இது 500 டிகிரி பாரன்ஹீட் என்று இருக்கும். இதைத் தொடக்க வெப்பநிலை எனலாம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்த ஹம்ப்ரி டேவி, சூடான பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தால் சுடரே இல்லாமல் கம்பி தொடர்ந்து கனன்றுகொண்டிருப்பதை 1817இல் கண்டறிந்தார். இத்தகைய நிகழ்வுகளுக்கு வினையூக்கம் என்று பொருள்படும் பெயரை 1835இல் பெர்சிலியஸ் இட்டார். பள்ளியில் ஹைட்ரஜன் பெராக்சைடில் சிட்டிகை மாங்கனீசு டைஆக்சைடைப் போட்டுக் காட்டிய ஆசிரியருக்கும், அதைப் பார்த்த மாணவருக்கும் அடுப்பில் நடப்பதும் அதே பாடம்தான். வினையூக்கி தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துகிறது. செலவாகாது என்றால் பிறகு ஏன் கெட்டுப்போகிறது என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. விடை கீழே வருகிறது.

அமைப்பும் வரலாறும்

பெரும்பாலான எரிப்பான்கள் கார்டியரைட் என்னும் பீங்கான் வகையால் ஆனவை. அந்தத் தேன்கூட்டின் சுவர்கள் மேல் சொரசொரப்பான அலுமினாப் பூச்சு. அந்தப் பூச்சில் மிக நுண்ணிய துகள்களாகப் பிளாட்டினமும் பல்லேடியமும். மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைச் சுருட்டிச் செய்த உலோக வகையும் உண்டு. அது விரைவில் சூடேறும். கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி இதன் நெருங்கிய உறவு. ஆனால் காரில் ஒரு சதுர அங்குலத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். அடுப்பில் பெரும்பாலும் 16 முதல் 25 வரைதான். விறகுப் புகையில் சாம்பல் பறந்து வருவதால் சிறு துளைகள் உடனே அடைத்துக்கொள்ளும்.

காருக்காக உருவான பீங்கான் தேன்கூடு 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடுப்புக்கு வந்தது. எண்ணெய் விலையேற்றத்தால் அமெரிக்கர்கள் மீண்டும் விறகுக்குத் திரும்பியிருந்த காலம் அது. பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலப் புகை பெரும் தொல்லையாயிற்று. 1983இல் ஒரிகன் மாநிலம் இதற்கென முதல் சட்டத்தை இயற்றியது. பின்னர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. அந்த விதியின் 1990ஆம் ஆண்டுக் கட்டத்தில் வினையூக்கி இல்லாத அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம் வரை நுண்துகள் அனுமதிக்கப்பட்டது. வினையூக்கி அடுப்புக்கு 4.1 கிராம் மட்டுமே. வினையூக்கி நாளடைவில் தேயும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொண்டே அதற்குக் கடுமையான வரம்பு வைக்கப்பட்டது. 2020 முதல் புதிய அடுப்புகளுக்கான வரம்பு மணிக்கு 2 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது.

பைபாஸ் தகடு

பழுது பார்க்கும் முன் புகை செல்லும் இரு வழிகளை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். எரியறைக்கு மேலோ பின்னோ ஒரு தகடு உண்டு. வெளியே இருக்கும் கைப்பிடியால் அதைத் திறக்கலாம், மூடலாம். இதற்குப் பைபாஸ் தகடு என்று பெயர். திறந்திருந்தால் புகை வினையூக்கியைத் தொடாமல் நேராகப் புகைப்போக்கிக்குப் போகும். மூடினால் தேன்கூட்டின் வழியாகத்தான் போயாக வேண்டும். தீ மூட்டும்போதும், கதவைத் திறந்து விறகு போடும்போதும் தகடு திறந்திருக்க வேண்டும். எரிப்பான் தொடக்க வெப்பநிலையை அடைந்த பிறகே மூட வேண்டும்.

மூடிய தகட்டோடு கதவைத் திறந்தால் புகை அறைக்குள் புரண்டு வரும். சில நேரம் தீநாக்கும் சேர்ந்து வரும். எனவே முதலில் தகடு, சற்றுப் பொறுத்து, பிறகு மெதுவாகக் கதவு. இந்த ஒழுங்கு பழகாத ஒருவர் பழைய அடுப்பைத் தொடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அறையில் இல்லாவிட்டால் அதை முதலில் வாங்க வேண்டும்.

விறகும் வெப்பமானியும்

முதல் ஐயம் விறகின் மேல் விழட்டும். விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். கடையில் விற்பவர் காய்ந்தது என்று சொல்வது சான்றாகாது. ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உட்பக்கத்தில் ஈரப்பத மானியின் முனைகளைக் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் வரும். ஓக் மரம் பிளந்து அடுக்கிய பிறகும் காய ஈராண்டு பிடிக்கும். ஈரக் கட்டையிலிருந்து எழும் நீராவியை ஓட்டுவதற்கே வெப்பம் செலவாகிவிடுவதால் எரிப்பான் தொடக்க வெப்பநிலையை எட்டுவதில்லை, எட்டினாலும் நிலைப்பதில்லை. நல்ல காய்ந்த விறகு ஒரு கட்டு வாங்கி ஒரு மாலை எரித்துப் பார்ப்பதே எல்லாச் சோதனைகளிலும் மலிவானது.

அடுத்தது வெப்பமானி. எரிப்பானுக்கு அருகே ஒரு நீண்ட தண்டு செருகப்பட்டு, வெளியே முள்ளோடு கூடிய முகப்பு இருக்கும். உள்ளே இரட்டை உலோகச் சுருள்; ஆண்டுகள் செல்லச் செல்ல அது பொய் சொல்லத் தொடங்கும். அதைக் கழற்றி, வெப்பநிலை தெரிந்த சமையலறை ஓவனில் தண்டை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பிழை என்று தெரிந்துவிடும். சில பழைய அடுப்புகளில் தண்டு செருகும் துளையே இருக்காது. புகைக்குழாயின் மேல் ஒட்டிய காந்த வெப்பமானி எரிப்பானின் வெப்பத்தைக் காட்டாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அவசரம் இன்னொரு எதிரி. முள் 260ஐத் தொட்ட நொடியில் தகட்டை மூடி, அப்போதே காற்றையும் முழுதாகக் குறைத்துவிட்டால் எரிப்பான் அணைந்துவிடும். மூடிய பிறகு பத்து, பதினைந்து நிமிடம் தீ நன்றாக எரிய விட்டு, பிறகு படிப்படியாகக் காற்றைக் குறைக்க வேண்டும். பழுது என்று சொல்லப்படும் பல அடுப்புகளில் பழுது இவ்வளவுதான்.

கசிவுகள்

அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பைபாஸ் தகட்டைப் பார்க்க வேண்டும். அதிக வெப்பத்தில் தகடு வளைந்திருக்கலாம். அதன் விளிம்புக் கேஸ்கெட் உதிர்ந்திருக்கலாம். கைப்பிடியையும் தகட்டையும் இணைக்கும் கம்பி தேய்ந்து, வெளியே மூடியதாகத் தோன்றினாலும் உள்ளே விரல் நுழையும் இடைவெளி இருக்கலாம். புகைக்குச் சுற்றுவழி கிடைத்தால் தேன்கூட்டின் நெருக்கமான வழியில் அது போகாது. புத்தம்புதிய வினையூக்கி போட்டாலும் புகை வரும் என்று மேலே சொன்னதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். எரிப்பானைச் சுற்றியும் ஒரு கேஸ்கெட் உண்டு. சூட்டில் உப்பி இடைவெளியை நிரப்பும் வகை அது. அது இல்லாவிட்டால் அங்கும் இதே கதை.

கதவின் கயிற்றுக் கேஸ்கெட்டை ஒரு டாலர் நோட்டைக் கொண்டு சோதிப்பது அங்கே வழக்கம். நோட்டை விளிம்பில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் அது இறுக்கமாக இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கசிவு. சுற்றிலும் பல இடங்களில் இப்படிப் பார்க்க வேண்டும். சாம்பல் தட்டின் கதவையும் விடக்கூடாது. கதவுக் கசிவு பைபாஸ் கசிவுக்கு நேர்மாறான தீமை செய்கிறது. அளவுக்கு மீறிய காற்று உள்ளே புகுந்து, தீ கட்டுக்கடங்காமல் எரிந்து, எரிப்பானைச் சுட்டுவிடுகிறது.

1980களின் தொடக்க கால அடுப்புகளின் கேஸ்கெட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஐயம் இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. அந்த வேலையை அறிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

புகைப்போக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் உச்சியில் உள்ள மூடியின் வலையில் கிரியோசோட்டு படிந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய அடுப்பைப் பழைய புகைப்போக்கியில் இணைப்பவர் முதல் தீ மூட்டும் முன்பே ஒரு தொழிலாளியை அழைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை.

வினையூக்கி உயிரோடு இருக்கிறதா?

இவ்வளவும் சரியாக இருந்து, காய்ந்த விறகும் இருக்குமானால் இப்போது சோதனை செய்யலாம். நல்ல தணல் மேல் விறகு போட்டு, முள் தொடக்க வெப்பநிலையைத் தாண்டியதும் தகட்டை மூட வேண்டும். நலமான எரிப்பான் புகையைத் தானே எரிப்பதால் முள் மேலும் ஏறும். 540 முதல் 760 டிகிரி வரை போவது இயல்பு. இருபது நிமிடம் கழித்து வெளியே போய்ப் புகைப்போக்கியைப் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே வந்து தகட்டைத் திறந்து, மறுபடி வெளியே போய்ப் பார்க்க வேண்டும். திறந்தபோது அடர்ந்த புகையும் மூடியபோது மிகக் குறைவான புகையும் இருந்தால் வினையூக்கி வேலை செய்கிறது. இரண்டு நிலையிலும் ஒரே அளவு புகை என்றால் வேலை செய்யவில்லை. வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் உள்ளே, ஒருவர் முற்றத்தில் என்று நிற்பது வசதி. பனியில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியதில்லை.

நீராவியைப் புகை என்று எண்ணிவிடக் கூடாது. கடுங்குளிரில் புகைப்போக்கி வாயிலிருந்து சற்று மேலே வெண்மையாகத் தோன்றி, சிறு தொலைவில் காற்றில் கரைந்துவிடுவது நீராவி. நீலச் சாம்பல் நிறத்தில் நெடுந்தொலைவு நீண்டு மிதப்பது புகை.

எரிப்பான் செக்கச் சிவந்து ஒளிர்கிறதா என்று மட்டும் பார்ப்பது தவறான அளவுகோல். நிறையப் புகை வரும்போது அது ஒளிரும். புகை குறைந்து கரியாக எரியும் கட்டத்தில் ஒளி மங்கிவிடும். பழகிய எரிப்பான் ஒளிராமலேயே நன்றாக வேலை செய்யக்கூடும். ஒளி இல்லை என்பதற்காக நல்ல எரிப்பானைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

கெடும் விதங்கள்

மாணவரின் கேள்விக்கு இப்போது வரலாம். வினையில் வினையூக்கி செலவாவதில்லை. ஆனால் அதன் மேற்பரப்பு மறைக்கப்படலாம், நச்சூட்டப்படலாம், சுடப்படலாம், உடைக்கப்படலாம்.

மறைக்கப்படுவது மிகச் சாதாரணம். பறக்கும் சாம்பலும் புகைக்கரியும் துளைகளில் படிகின்றன. தகடு திறந்திருக்கும்போது தீ நன்றாக எரிந்து, மூடியதும் மந்தமாகிப் போனால் துளைகள் அடைத்திருக்கின்றன என்று கொள்ளலாம். இது சரிசெய்யக்கூடியது.

நச்சூட்டம் அப்படியன்று. வண்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக், வண்ண அச்சுத்தாள், நிலக்கரி, கடலோரத்தில் ஒதுங்கிய உப்பேறிய கட்டை ஆகியவற்றை எரித்தால் ஈயம், துத்தநாகம், கந்தகம், குளோரின் போன்றவை உலோகத் துகள்களோடு பிணைந்து அவற்றைச் செயலற்றவையாக்குகின்றன. கண்ணுக்கு எரிப்பான் அழகாகவே தெரியும். பழைய அடுப்பில் இதுதான் சங்கடம். முந்தைய உரிமையாளர் அதில் என்ன எரித்தார் என்பது அடுப்பின் உடலில் எழுதியிருக்காது.

அதிக வெப்பம் மூன்றாவது. சுமார் 870 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பெரியவையாகி, புகை தொடக்கூடிய பரப்பு சுருங்கிவிடுகிறது. அலுமினாப் பூச்சு செதில் செதிலாக உரிவதும் இதன் அடையாளம். நான்காவது உடைவு. பனி படிந்த கட்டையைக் கொதிக்கும் அடுப்பில் போட்டு உடனே தகட்டை மூடினால், குளிர்ந்த நீராவி தாக்கிச் சூடான பீங்கான் விரிசல் விடும். மயிரிழை விரிசல் இருந்தும் துண்டுகள் சட்டத்துக்குள் நிற்குமானால் கவலை வேண்டாம். துண்டு உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்தல்

அடுப்பு ஆறிய பிறகு, முகமூடி அணிந்து, எரிப்பானை மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். சுற்றியுள்ள பீங்கான் நார்க் காப்புப் பகுதிகள் சில அடுப்புகளில் பிஸ்கட் போல் நொறுங்கும். அவற்றுக்கு மாற்றுக் கிடைப்பது எரிப்பானைவிட அரிது. மென்மையான தூரிகையால் இருபுறமும் தடவிச் சாம்பலை நீக்க வேண்டும். கம்பித் தூரிகை, அழுத்தக் காற்று இரண்டும் பூச்சை உரித்துவிடும். துளைகளில் கம்பியை விட்டுக் குடைவதும் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எத்தனை துளை திறந்திருக்கிறது என்று தெரியும்.

தூரிகைக்குப் பிறகும் சோறாமல் மந்தமாகவே இருந்தால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் பீங்கான் எரிப்பான்களுக்கு வினிகர்க் குளியல் உண்டு. வெள்ளை வினிகரும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவு கலந்து, இளஞ்சூட்டில் அரை மணி நேரம் எரிப்பானை மூழ்கவைக்க வேண்டும். பின்னர் வெறும் வடித்த நீரில் இருமுறை அலசி, முற்றிலும் உலர்த்த வேண்டும். குழாய்நீரின் உப்புகள் படியக்கூடும் என்பதால்தான் வடித்த நீர். சாம்பலால் மங்கிய எரிப்பான் இதனால் மீள்வதுண்டு. ஈயத்தால் கெட்டதும் அதிக வெப்பத்தில் சுடப்பட்டதும் மீளாது.

மீளாததைக் கழற்றிவிட்டு வெற்றிடத்தோடு அடுப்பை எரிக்கலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. இவ்வடுப்புகள் மெதுவாக எரியும்படி அமைக்கப்பட்டவை. வினையூக்கி இல்லாவிட்டால் அந்த மெதுவான தீயின் புகை முழுவதும் கிரியோசோட்டாகப் புகைப்போக்கியில் படியும். சான்றளிக்கப்பட்ட அடுப்பை, வினையூக்கியை நீக்கிவிட்டோ செயலிழக்கச் செய்தோ எரிப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கும் புறம்பானது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சரியாகப் பயன்படுத்திய எரிப்பான் ஆறு பருவங்களுக்கும் மேல் உழைக்கலாம். குப்பை எரித்து, சுத்தம் செய்யாமல் விட்டால் ஈராண்டிலேயே போய்விடலாம். எனவே அடுப்பின் வயதைவிட விற்பவரின் விறகுக் கொட்டகையைப் பார்ப்பது பயன் தரும். அங்கே வண்ணம் பூசிய பலகைத் துண்டுகள் கிடந்தால் எரிப்பானின் மதிப்பைச் சுழியமாகக் கொண்டு விலை பேசலாம்.

அடுப்பின் பின்புறத்தில் முகமையின் நிரந்தரச் சான்றுத் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரிகனில் வீட்டை விற்கும்போது சான்றில்லாத பழைய அடுப்பை அகற்றியாக வேண்டும் என்று 2010 முதல் சட்டம் இருக்கிறது. வேறு சில இடங்களிலும் கட்டுப்பாடுகள் உண்டு. மாதிரிப் பெயரையும் எரிப்பானின் நீள, அகல, உயரத்தையும் குறித்துக்கொண்டு, அந்த அளவில் மாற்று எரிப்பான் இன்றும் விற்பனையில் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் மாற்று எரிப்பான் தனியாகச் செய்து விற்போர் உள்ளனர். பைபாஸ் தகடும் உட்காப்புப் பகுதிகளும் அப்படிக் கிடைப்பதில்லை. அவை வளைந்தோ நொறுங்கியோ இருந்தால் அடுப்பை விற்பவரிடமே விட்டுவிடலாம்.